கறுப்புத் திரைக்கு இரண்டு காரணங்கள்: ஒரு கமோடோர் 64 நிகழ்வு ஆய்வு

ஆய்வுக்கு வந்தது 250425 எண் போர்டு கொண்ட கமோடோர் 64 என்ற பழைய வீட்டுக் கணினி. சுவிட்சைப் போட்டால் சிவப்பு விளக்கு எரிகிறது, திரை கறுப்பாகவே நிற்கிறது. முதலில் அது கெட்டதும் இதே அறிகுறியுடன்தான். உரிமையாளர் சும்மா இருக்கவில்லை. யு4 என்ற இடத்திலிருந்த கெர்னல் ரோமை (இயந்திரத்தைத் தொடங்கிவைக்கும் நிரல் பதிந்த சிப்) சாலிடர் நீக்கி எடுத்தார், அங்கே 24 கால் சாக்கெட் பொருத்தினார், கடையில் வாங்கிய அடாப்டர் ஒன்றின் மேல் தாமே எழுதிய ஈப்ராமை (அழித்து மறுபடி எழுதக்கூடிய நினைவகச் சிப்) செருகினார். பலன் இல்லை. எழுதிய உள்ளடக்கம் சரியாக இருக்கிறது என்று, ஈப்ராமில் எழுதப் பயன்படும் ப்ரோகிராமர் கருவி சான்று கொடுத்துவிட்டதால் ஈப்ராமின் மேல் அவருக்குச் சந்தேகமே எழவில்லை. "ரோமை மாற்றியாயிற்று, இனி பிஎல்ஏ அல்லது ப்ராசசர்தான்" என்று ஒரு குறிப்பு எழுதி (பிஎல்ஏ என்பது எந்த நேரத்தில் எந்தச் சிப் பதில் சொல்ல வேண்டும் என்று தேர்ந்தெடுக்கும் சிப்), கழற்றிய பழைய ரோமையும் பையில் போட்டு அனுப்பியிருந்தார்.

பழுதுபார்ப்பில் இத்தகைய குறிப்புகள்தான் ஆபத்தானவை. ஒரு பாகத்தை மாற்றியதும் அதைச் சந்தேகப் பட்டியலிலிருந்து அடித்துவிடுகிறோம். மாற்றிப் போட்ட பாகமும் பழுதாக இருக்கலாம் என்ற எண்ணம் கடைசியில்தான் வருகிறது. ஆகவே குறிப்பை ஒதுக்கிவைத்துவிட்டு முதலிலிருந்து தொடங்கினேன்.

மின்சாரத்தில் அதிக நேரம் போகவில்லை. இந்த இயந்திரத்துக்கு வெளியிலிருந்து 5 வோல்ட் நேர்மின்னோட்டமும் 9 வோல்ட் மாறுமின்னோட்டமும் வர வேண்டும். பழைய மின்வழங்கிகள் கெடும்போது 5 வோல்ட் கோடு தாழாமல் மேலே ஏறும். ராம் சிப்புகள் பலியாவது அப்படித்தான். அதனால் அசல் மின்வழங்கியைத் தொடாமல், நம்பகமான வேறொன்றை இணைத்துச் சிப்புகளின் கால்களிலேயே அளந்தேன். எல்லா இடத்திலும் 5 வோல்ட் ஒழுங்காக வந்தது.

அடுத்து டெட் டெஸ்ட் என்ற சோதனைக் கார்ட்ரிட்ஜ். கமோடோர் 64-இல் கறுப்புத் திரைக்குக் காரணமாகக்கூடியவர்கள் ஏராளம்: பிஎல்ஏ, எட்டு ராம் சிப்புகள், ப்ராசசர், வீடியோ சிப், கெர்னல் ரோம். இந்தக் கூட்டத்தை இரண்டாகப் பிரிக்க இந்தக் கார்ட்ரிட்ஜ் உதவுகிறது. சாதாரண 8 கிலோபைட் விளையாட்டுக் கார்ட்ரிட்ஜ் தானாகத் தொடங்குவதில்லை. ரீசெட் ஆனதும் கெர்னல்தான் முதலில் ஓடுகிறது. கார்ட்ரிட்ஜின் தலைப்பில் இருக்கும் அடையாளத்தைப் பார்த்து, கட்டுப்பாட்டை அதனிடம் ஒப்படைப்பதும் கெர்னலே. கெர்னல் செத்திருந்தால் அந்தக் கார்ட்ரிட்ஜும் மௌனம்தான். டெட் டெஸ்ட் வேறு வழியில் வருகிறது. கேம் என்ற இணைப்பைத் தாழ்த்தி, எக்ஸ்ரோம் இணைப்பை உயரவிட்டு, இயந்திரத்தை அல்டிமேக்ஸ் நிலைக்குக் கொண்டுபோகிறது. அந்நிலையில் கெர்னல் இருக்க வேண்டிய 57344 முதல் 65535 வரையிலான முகவரிகளில் கார்ட்ரிட்ஜ் வந்து அமர்ந்துகொள்கிறது. ரீசெட் முகவரியையே ப்ராசசர் கார்ட்ரிட்ஜிலிருந்துதான் படிக்கிறது. கெர்னல் ரோம் போர்டில் இருந்தாலும் ஒன்றுதான், இல்லாவிட்டாலும் ஒன்றுதான்.

கார்ட்ரிட்ஜ் ஓடியது. நினைவகச் சோதனை, வண்ண ராம், ஒலி என்று வரிசையாக முடித்தது. ப்ராசசர், வீடியோ சிப், ராம் ஆகியவை உயிரோடிருக்கின்றன என்பது உறுதியாயிற்று. எட்டுத் தரவுக் கோடுகளில் எதுவும் அறுந்தோ ஒட்டியோ இல்லை என்பதும் கூடவே தெரிந்தது. இந்த இரண்டாவது விவரம் பின்னால் முக்கியமாகும்.

பிஎல்ஏ முழுதாக விடுதலை பெறவில்லை. கெர்னலைத் தேர்ந்தெடுக்கும் சமிக்ஞையை உண்டாக்குவது அதுதான். அல்டிமேக்ஸ் நிலையில் அந்தப் பாதை சோதனைக்கே வருவதில்லை. கார்ட்ரிட்ஜை எடுத்துவிட்டு, சாக்கெட்டின் 20-ஆம் காலில் ஆசிலோஸ்கோப் முனையை வைத்தேன். ரீசெட்டுக்குப் பிறகு அந்தக் கால் தாழ்ந்து தாழ்ந்து எழுந்தது. பிஎல்ஏ தன் வேலையைச் செய்கிறது, ரோமைக் கூப்பிடுகிறது. கூப்பிட்டவுடன் பதில் என்ன வருகிறது என்று பார்க்க, இரண்டாவது முனையைத் தரவுக் கால்கள் ஒவ்வொன்றிலும் வைத்தேன். எட்டுக் கோடுகளும், தேர்வுக் கால் தாழும் ஒவ்வொரு முறையும், உயர்நிலையில்.

இங்கே ஒரு நுணுக்கம் இருக்கிறது. யாருமே பதில் சொல்லாத கோடும் சில சமயம் உயர்நிலை போலத் தோன்றும். ஆனால் அது மிதக்கும். முந்தைய மதிப்பிலிருந்து சாய்ந்து, அரைகுறை மின்னழுத்தத்தில் அலையும். இங்கே விளிம்புகள் செங்குத்தாக எழுந்து, மேல்பகுதி சமதளமாக நின்றது. சிப் பதில் சொல்கிறது. ஆனால் எந்த முகவரியைக் கேட்டாலும் 255 என்ற ஒரே பதிலைச் சொல்கிறது. 255 என்பது ஈப்ராம் மொழியில் "இங்கே எதுவும் எழுதப்படவில்லை" என்பதாகும். அழிக்கப்பட்ட ஈப்ராமில் எல்லா பிட்களும் 1. எழுதுவது என்றால் வேண்டிய இடங்களில் 1-ஐ 0 ஆக்குவது மட்டுமே.

ஈப்ராமைக் கழற்றிக் கருவியில் வைத்துப் படித்தால், முதல் 8192 பைட்டுகளில் கெர்னல் முழுதாக இருக்கிறது. நல்ல இயந்திரம் ஒன்றிலிருந்து எடுத்த நகலோடு பைட் பிசகாமல் ஒத்துப்போகிறது. கருவி கொடுத்த சான்று பொய்யில்லை. அப்படியானால் போர்டு ஏன் வெற்றுச் சிப்பைப் பார்க்கிறது?

விடை சிப்பின் முதுகிலேயே அச்சாகியிருந்தது: 27சி256.

கமோடோரின் அசல் கெர்னல், 2364 வகையைச் சேர்ந்த 24 கால் மாஸ்க் ரோம். 8 கிலோபைட்டுக்கு 13 முகவரிக் கோடுகள், 8 தரவுக் கோடுகள், மின்சாரத்துக்கு இரண்டு, தேர்வுக்கு ஒன்று. மொத்தம் 24, ஒரு கால்கூட மிச்சமில்லை. தொழிற்சாலையிலேயே உள்ளடக்கம் பதிந்து வருவதால் எழுதுவதற்கென்று கால் எதுவும் தேவைப்படவில்லை. அதே கொள்ளளவுள்ள 2764 ஈப்ராமுக்கு எழுதும் மின்னழுத்தம், எழுதும் கட்டளை, தனியாக வெளியீட்டு அனுமதி எல்லாம் வேண்டும். அதனால் 28 கால். ஈப்ராமின் 3-ஆம் கால் சாக்கெட்டின் 1-ஆம் துளையில் வரும்படி கீழ்விளிம்பை ஒட்டி வைத்தால், 22 கால்கள் தாமாகவே சரியான இடத்தில் அமர்கின்றன. சிக்கல் மீதி ஆறில்தான்.

சாக்கெட்டின் 18-ஆம் துளையில் வருவது ஏ11 முகவரிக் கோடு. அதற்கு நேர்மேலே ஈப்ராமில் இருப்பதோ 20-ஆம் கால், அதாவது சிப் அனுமதி. 21-ஆம் துளையில் ஏ12. அதன் மேல் ஈப்ராமின் ஏ11 ஆன 23-ஆம் கால். ஆகவே ஈப்ராமின் 23-ஆம் காலைச் சாக்கெட்டின் 18-க்கும், மேலே தொங்கும் 2-ஆம் காலான ஏ12-ஐச் சாக்கெட்டின் 21-க்கும் திருப்ப வேண்டும். 20-ஆம் காலை, ஏற்கெனவே தேர்வுக் கோட்டின் மேல் அமர்ந்திருக்கும் 22-ஆம் காலோடு சேர்க்க வேண்டும். மேலே தொங்கும் 1, 27, 28 மூன்றும் 5 வோல்ட்டுக்கு. கடையில் விற்கும் அடாப்டர்கள் செய்வது இவ்வளவுதான். உரிமையாளர் வாங்கியதும் இதைச் சரியாகவே செய்திருந்தது. மல்டிமீட்டர் வைத்து ஒவ்வொரு இணைப்பையும் பார்த்தேன்.

ஆனால் அந்த அடாப்டர் 2764-க்காகச் செய்யப்பட்டது. 2764-இல் 26-ஆம் கால் சிப்புக்குள் எதனோடும் இணைக்கப்படாத கால்; அது அமர்வது சாக்கெட்டின் 5 வோல்ட் துளையில். 27-ஆம் கால் எழுதும் கட்டளை. படிக்கும்போது இரண்டும் 5 வோல்ட்டில் இருந்தால் கேடில்லை. 27சி256 நான்கு மடங்கு பெரியது, 32 கிலோபைட். கூடுதலாக வேண்டிய இரண்டு முகவரிக் கோடுகளை அது வைத்துக்கொண்டிருப்பது அதே இரு கால்களில்: 26 ஏ13, 27 ஏ14. இரண்டும் நிரந்தரமாக உயர்நிலையில் கட்டப்பட்டிருந்தால் போர்டு எப்போதும் சிப்பின் நான்காவது கால்பகுதியை மட்டுமே பார்க்கும், அதாவது 24576 முதல் 32767 வரை. கெர்னல் எழுதப்பட்டிருந்ததோ முதல் கால்பகுதியில்.

நான்கு மாடி வீட்டின் தரைத்தளத்தில் ஆள் இருக்க, தபால்காரர் நான்காம் மாடிக் கதவையே தட்டிக்கொண்டிருந்த நிலை. ப்ரோகிராமர் கருவி எல்லா மாடிகளுக்கும் போகும். ஏனென்றால் அது சிப்பின் 28 கால்களையும் ஆட்டிப் பார்க்கிறது. போர்டிடம் இருப்பது 24 கால்கள்தான். கருவி தரும் சான்று கருவிக்கும் சிப்புக்கும் இடையிலான சங்கதி. சாக்கெட்டில் என்ன நடக்கும் என்பதைப் பற்றி அது வாயே திறப்பதில்லை. ஈப்ராம் மாற்றங்களில் தோல்வியடைந்தவை என்று என்னிடம் வருபவற்றில் எழுதும் வேலையில் கோளாறு இருப்பது அபூர்வம். கால்களில்தான் கோளாறு.

திருத்தும் வழி சுவையானது. சிப்பைப் புற ஊதா விளக்கில் வைத்து அழிக்க வேண்டிய அவசியமே இல்லை. மீதி முக்கால் பகுதியும் இன்னும் 255 ஆகவே இருக்கிறது. அதாவது எழுதத் தயாராக இருக்கிறது. கெர்னல் நகலை நான்கு முறை அடுத்தடுத்து ஒட்டி 32768 பைட் கோப்பு ஒன்றை உண்டாக்கினேன். சிப் வெறுமையாக இருக்கிறதா என்று பார்க்கும் முன்சோதனையை நிறுத்திவைத்தேன். இல்லாவிட்டால் முதல் கால்பகுதியைக் கண்டதும் கருவி மறுத்துவிடும். பிறகு முழுக் கோப்பையும் எழுதினேன். முதல் பகுதியில் ஏற்கெனவே உள்ளதே மறுபடி விழுகிறது, மற்ற மூன்றில் புதிதாக. கடைசிப் பகுதியில் மட்டும் எழுதினாலும் போதும்தான். நான்கிலும் எழுதிவிட்டால் நாளை இந்தச் சிப்பை வேறு அடாப்டருக்கு மாற்றினாலும் எந்த மாடிக் கதவு என்ற கேள்வியே எழாது.

சரிபார்ப்பை வழக்கமான 5 வோல்ட்டில் மட்டும் செய்யாமல் 4.5-இலும் 5.5-இலும் செய்தேன். இது வீம்புக்குச் செய்வதில்லை. ஈப்ராமின் ஒவ்வொரு பிட்டும், சுற்றிலும் மின்கடத்தாப் பொருளால் அடைக்கப்பட்ட மிதக்கும் வாயிலில் சிறைப்பட்ட மின்னூட்டம். எழுதியது பலவீனமாக இருந்தால், மின்னழுத்தம் கூடும்போது அந்த 0 மறுபடி 1 ஆகத் தெரியும். அரைகுறையாக அழிந்த பிட் எதிர்ப்புறம் சறுக்கும்: மின்னழுத்தம் குறையும்போது 1 ஆக இருக்க வேண்டியது 0 ஆகிவிடும். இந்த 27சி256 ஏற்கெனவே வேறொரு போர்டில் உழைத்துவிட்டு வந்தது. அதை யார் எவ்வளவு நேரம் விளக்கில் வைத்தார்கள் என்று எனக்குத் தெரிய வழியில்லை. மூன்று மின்னழுத்தங்களிலும் பைட் மாறவில்லை.

அழிக்க வேண்டியவர்களுக்காகச் சில விவரங்கள். வேலை செய்வது 253.7 நானோமீட்டர் அலைநீளம். தரவுத்தாள்கள் கேட்பது சதுர சென்டிமீட்டருக்கு 15 வாட்-வினாடி. சரியான விளக்கின் கீழ் இரண்டரை சென்டிமீட்டர் தொலைவில் 15 முதல் 20 நிமிடம். நகப்பூச்சை உலர்த்தும் விளக்கின் அலைநீளம் இதைவிட வெகு நீளம், அதை வாங்கி ஏமாற வேண்டாம். குவார்ட்ஸ் சாளரத்தில் பழைய லேபிளின் பசை மிச்சமிருந்தால் கதிர் உள்ளே போகாது. ஆல்கஹாலால் துடைத்துவிட்டு வையுங்கள். வெறுமை முதன்முதலில் உறுதியானதும் எடுத்துவிடாமல் கொஞ்ச நேரம் கூடுதலாக விடுவது என் வழக்கம். அந்த விளக்கைக் கண்ணால் பார்க்கவே கூடாது.

எழுதும் மின்னழுத்தத்தில் கவனம் தேவை. 27சி256-க்கு 13 வோல்ட்டை ஒட்டிய அளவு. பழைய 2764 சிலவற்றுக்கு 21 வோல்ட். பெயரின் இறுதியில் 'ஏ' சேர்ந்த 2764ஏ 12.5 வோல்ட்டில் எழுதப்படுவது. ஒன்றுக்கு உரியதை மற்றொன்றுக்குக் கொடுத்தால் சிப் போய்விடும், அல்லது எழுதவே எழுதாது. 24 காலிலேயே 8 கிலோபைட் கொண்ட, அடாப்டரே தேவைப்படாத ஈப்ராமை மோட்டோரோலா 68764, 68766 என்ற எண்களில் செய்தது. காகிதத்தில் பார்த்தால் அதுவே மிகச் சிறந்த மாற்று. ஆனால் அது கேட்பது 25 வோல்ட். இன்று மேசையில் இருக்கும் மலிவான கருவிகள் பலவற்றால் தர முடியாத அளவு. சிப்பும் அரிது. அதைத் தேடி அலைவதைவிட அடாப்டர் மேல்.

திருத்தி எழுதிய ஈப்ராமைச் செருகினேன். வெளிர்நீல ஓரம், கருநீலத் திரை, 38911 பைட் மிச்சம் என்ற அறிவிப்பு, கீழே ரெடி. பீக் கட்டளையால் 65408-ஐப் படித்தால் 3 வந்தது. அது கெர்னலின் மூன்றாம் பதிப்புக்கு உரிய எண். முதல் பதிப்பாக இருந்தால் 170 வந்திருக்கும், இரண்டாம் பதிப்பென்றால் 0.

வேகத்தைப் பற்றிக் கவலைப்பட ஏதுமில்லை. பால் (PAL என்ற தொலைக்காட்சி முறை) மாடலின் கடிகாரம் 0.985 மெகாஹெர்ட்ஸ், ஒவ்வொரு சுற்றிலும் பாதி வீடியோ சிப்புக்குப் போக, ப்ராசசருக்குக் கிடைப்பது ஏறத்தாழ 500 நானோ வினாடி. அதிலும் ஒரு பங்கை பிஎல்ஏ எடுத்துக்கொள்ளும். 250 நானோ வினாடியோ அதைவிட விரைவோ ஆன ஈப்ராம் தாராளம். 450 என்று குறித்த மிகப் பழைய சிப்புகளை நான் இங்கே போட மாட்டேன்.

இயந்திரம் ஓடத் தொடங்கிய பிறகும் ஒரு கேள்வி மிஞ்சியது. பையில் வந்த அசல் ரோம் உண்மையிலேயே கெட்டதுதானா? ஈப்ராம் தோற்றதற்குக் காரணம் தெரிந்துவிட்டது. ஆனால் இயந்திரம் முதலில் ஏன் கறுத்தது என்பதற்கு அது விடையாகாது. அசல் ரோம் நல்லதென்றால் வேறெங்கோ ஓர் இடைவிட்ட பழுது ஒளிந்திருக்கிறது என்று பொருள்.

மாஸ்க் ரோமைக் கருவியில் படிக்கும்போது சிப் அடையாளம் பார்க்கும் வசதியை நிறுத்திவிட வேண்டும். அந்த வசதி ஏ9 காலில் 12 வோல்ட் அளவுக்கு ஏற்றிப் பார்க்கும். ஈப்ராம் அதைத் தாங்கும்படி செய்யப்பட்டது. பழைய மாஸ்க் ரோம் அப்படியல்ல. நிறுத்திவிட்டு, கால்களைத் திருப்பிப் போட்ட இடைச்சாக்கெட் ஒன்றின் வழியாகப் படித்தேன். எடுத்த கோப்பை நல்ல நகலோடு ஒப்பிட்டபோது பாதிக்கு மேற்பட்ட பைட்டுகள் வேறுபட்டன. ஆனால் எல்லா வேறுபாடும் ஒரே அளவு. 16 கூடியிருந்தது. கோப்பு முழுவதிலும், 16 என்ற மதிப்புள்ள டி4 பிட் 0 ஆக உள்ள பைட் ஒன்றுகூட இல்லை. சிப்பின் 14-ஆம் காலை இயக்கும் வெளியீட்டுப் பகுதி உயர்நிலையில் ஒட்டிக்கொண்டுவிட்டது.

விளைவைக் கையால் கணக்கிட்டுப் பார்க்கலாம். ரீசெட் ஆனதும் ப்ராசசர் 65532, 65533 ஆகிய இரு இடங்களைப் படித்து, எங்கே தொடங்குவது என்று தெரிந்துகொள்கிறது. நல்ல கெர்னலில் அங்கே 226, 252. சேர்த்தால் 64738, இயந்திரத்தைப் புதிதாகத் தொடங்க சிஸ் கட்டளையோடு பலரும் மனப்பாடமாக அடிக்கும் அதே எண். 252-இல் டி4 ஏற்கெனவே 1, அது மாறுவதில்லை. 226-இல் 0, ஒட்டிய பிட் அதை 242 ஆக்குகிறது. ப்ராசசர் 64738-க்குப் பதில் 64754-க்குப் போகிறது. அங்கே இருக்க வேண்டியது 32, துணைநிரலை அழைக்கும் கட்டளை. 16 கூடினால் 48. அது "முந்தைய விடை எதிர்மம் என்றால் தாவு" என்ற முற்றிலும் வேறான கட்டளை. முதல் முகவரியும் தவறு, போய்ச் சேர்ந்த இடத்தின் முதல் கட்டளையும் தவறு. திரைக்கு வண்ணம் கொடுக்கும் நிரல் வரை அது போய்ச்சேரவே இல்லை.

டெட் டெஸ்ட் கொடுத்த இரண்டாவது விவரம் இங்கே பொருந்துகிறது. பழுது போர்டின் டி4 கோட்டில் இருந்திருந்தால் கார்ட்ரிட்ஜும் ஓடியிருக்காது. கோடு நல்லது, ரோம் தேர்ந்தெடுக்கப்படும் வேளையில் மட்டும் அந்த ஒரு கால் பொய் சொல்லியிருக்கிறது. உரிமையாளரின் முதல் முடிவு சரி. அவர் போட்ட மருந்துக்கு ஒரு தனி நோய் இருந்தது, அதுவும் அதே கறுப்புத் திரையாகவே வெளிப்பட்டது. இரண்டும் ஒன்றுபோல் தோன்றியதால்தான் அவர் பிஎல்ஏ வரை போகத் தயாரானார்.

(பழுது தேடுவதற்கும் ஈப்ராமுக்கும் பழைய உறவு உண்டு. 1971-இல் இன்டெலில் டோவ் ஃப்ரோமன் உருவாக்கிய முதல் ஈப்ராமான 1702 வெறும் 2048 பிட் கொண்டது. மிதக்கும் வாயில் பற்றிய யோசனை அவருக்கு வந்ததே இணைப்பு அறுந்த வாயில்களால் பழுதான சிப்புகளை ஆராயும்போதுதான்.)

மூடுவதற்கு முன் செய்தவை கொஞ்சம். உரிமையாளர் போட்ட சாக்கெட்டின் ஒவ்வொரு காலையும் போர்டின் தடத்தோடு தொடர்பு பார்த்தேன். சாலிடர் நீக்கும்போது செப்புத் தகடு பெயர்வது இந்தப் போர்டுகளில் சாதாரணம், இங்கே பெயரவில்லை. அடாப்டரின் கீழ்க் கால்கள் தடித்த சதுர ஊசிகளாக இருந்தன. அவை சாக்கெட்டின் தகடுகளை அகட்டிவிடும். பிறகு மெல்லிய கால் கொண்ட ஐசி எதுவும் அதில் உறுதியாக நிற்காது. மெல்லிய உருண்டை ஊசிகளுக்கு மாற்றினேன். அடாப்டரோடு சேர்த்து ஈப்ராம் உயர்ந்து நிற்பதால், மேலே வரும் கவசத் தகடு அதைத் தொடவில்லை என்பதையும் பார்த்துக்கொண்டேன். சாளரத்தின் மேல் உலோகத் தாள் ஒட்டிய லேபிள். நேரடி வெயிலில் ஒரு வாரம், குழல் விளக்கு வெளிச்சத்தில் மூன்றாண்டு அளவில் உள்ளடக்கம் அழியக்கூடும் என்று தரவுத்தாள்கள் எச்சரிக்கின்றன. மூடிய பெட்டிக்குள் அந்த ஆபத்து இல்லை. ஆனால் பெட்டியைத் திறந்து மேசையில் போட்டுவிட்டு மறந்துபோகிறவர்கள் நாம். லேபிளில் "27சி256, நான்கு பகுதியிலும் கெர்னல் 3" என்று எழுதினேன்.

26, 27-ஆம் கால்களை அடாப்டரிலிருந்து பிரித்து ஒரு சுவிட்சுக்குக் கொண்டுபோனால் நான்கு வெவ்வேறு கெர்னல்களை ஒரே சிப்பில் வைத்து மாற்றிக்கொள்ளலாம். உரிமையாளர் கேட்கவில்லை, நானும் செய்யவில்லை. மின்சாரத்தால் அழியும் 28சி64 வகையைப் போட்டிருக்கலாமே என்று அவர் பிறகு கேட்டார். தாராளமாகப் போடலாம், அதே அடாப்டர் பொருந்தும், 27-ஆம் கால் அங்கே எழுதும் கட்டளை என்பதால் 5 வோல்ட்டில் நிற்பதே சரி, விளக்கும் வேண்டாம். கையில் நல்ல ஈப்ராம் இருந்ததால் அதையே பயன்படுத்தினேன், அவ்வளவுதான்.

பேசிக் ரோமான யு3-உம் 2364 வகையே, ஆகவே அது போனாலும் இதே அடாப்டர், இதே முறை. எழுத்துரு ரோமான யு5-க்கு இதை அப்படியே கொண்டுபோகக் கூடாது. அது 4 கிலோபைட் 2332. அதன் 21-ஆம் காலில் ஏ12 இல்லை, இரண்டாவது தேர்வுக் கால் இருக்கிறது, போர்டு அதை 5 வோல்ட்டில் கட்டிவைத்திருக்கிறது. அங்கே 24 கால் 2732 ஈப்ராமே போதும், அதன் 21-ஆம் காலைச் சாக்கெட்டின் 18-க்குத் திருப்பி, 18-ஆம் காலை 20-ஆம் காலோடு சேர்த்தால். 28 கால் அடாப்டரோடு 2764-ஐத்தான் போடுவேன் என்றால் ஏ12 எப்போதும் உயர்நிலையில் நிற்கும். எழுத்துரு இரண்டாவது பாதியில் இருக்க வேண்டும்.